கல்வேலிக்குள் ஐந்தரைச் சுற்று

நினைவுக் குறிப்புகள் – 17

"கோமதிம்மா! கைல இருக்கறத அப்படியே போட்டுட்டு வாங்க!"

எங்கள் காந்த நிலையத்தின் தலைவர் வேதநாயகம் சார் என்னைக் 'கோமதிம்மா' என்று கூப்பிட்டால் வானத்தில் ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று பொருள். பூமியில் நான் ஏதாவது தப்பு செய்திருந்தால் 'மிஸ் கோமதி'. அந்தத் திங்கட்கிழமை காலை, வலது முழங்கையில் போட்டிருந்த பிளாஸ்டரைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

மேசை முழுக்கக் கம்ப்யூட்டர் தாள். இரண்டு ஓரமும் ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அந்தத் தாள். ஒரு வேட்டி நீளம் இருக்கும். சுருளாமலிருக்க இரண்டு பித்தளை எடைகளை வைத்திருந்தார்.

தாளில் ஒரு கோடு வெகுதூரம் அமைதியாக வந்தது. திடீரென்று ஐந்து மேடுகள். முதலாவது நல்ல உயரம். அடுத்தடுத்தவை படிப்படியாகக் குள்ளம். பிறகு பழையபடி அமைதி.

"என்ன தெரியுது?"

"அலை, சார்."

"சனிக்கிழமை மத்தியானம், பன்னண்டு நாப்பத்தொண்ணு. பட்டப்பகல்ல! ஒரு மேட்டுக்கு எழுபத்தஞ்சு செகண்ட். அந்தப் பக்கம் கனடால நடு ராத்திரி. அங்க புயல் கிளம்பியிருக்கு, இங்க நமக்குக் கேட்டிருக்கு. எத்தனை வருஷமாத் தேடறேன் தெரியுமா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அது பக்தியால் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

உண்மையில் அந்த ஐந்து மேடுகளையும் எனக்குத் தனித்தனியாக அடையாளம் தெரிந்தது. மூன்றாவது மேட்டில்தான் வாசல் காவலர் முனியப்பா "பிரேக், பிரேக்" என்று கத்தினார். நான்காவதில் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அந்த அலை சூரியனிலிருந்து வந்ததல்ல. அது நான்.

கொடியும் முடிச்சும்

எல்லாத் தேதிகளும் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. ஆனால் தேதி போட்டு எழுதினால் ரயில்வே அட்டவணை மாதிரி இருக்கிறது என்று இந்த இதழின் ஆசிரியர் இரண்டு முறை சொல்லிவிட்டார். ஆகவே இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: எங்கள் நிலையத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த வருடம், சந்தையில் அவரைக்காய் குவியத் தொடங்கிய சமயம்.

நிலையம் பெங்களூருக்கு வெளியே ஓசூர் ரோட்டில், பொம்மசந்திரா தாண்டி, தைல மரங்களுக்கு உள்ளே இருந்தது. "காந்த நிலையம் என்றால் இரும்பை இழுக்குமா?" என்று கோலாரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இழுக்காது அம்மா. இரும்பைக் கண்டால் அதுதான் மிரளும்.

எங்கள் வேலை பூமியின் காந்தப் புலத்தை இரவும் பகலும் அளப்பது. சூரியனிலிருந்து ஓயாமல் ஒரு காற்று வீசுகிறது. மின் துகள்களின் காற்று. அது பூமியின் காந்தப் புலத்தை இரவுப் பக்கமாகத் தள்ளி, வால்போல நீட்டிவிடுகிறது. மொட்டை மாடியில் நைலான் கொடியை இழுத்துக் கட்டி, ஈரத் துணியாகப் போட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் முடிச்சு நழுவும் அல்லவா? கொடி முழுவதும் அதிரும். மறுகோடியில் காயும் கைக்குட்டைகூட நாலைந்து முறை ஆடி அடங்கும்.

அந்த வாலும் அப்படித்தான். இழுபட்டு இழுபட்டு, தாங்காமல் சட்டென்று விடுபடும் கணம்தான் காந்தத் துணைப்புயலின் தொடக்கம். துருவப் பக்கம் வானத்தில் பச்சை ஒளி கூத்தாடும். பெங்களூரில் ஒளியும் இல்லை, ஓசையும் இல்லை. எங்கள் காந்தமானியின் கோடு மட்டும் நாலைந்து முறை ஆடி அடங்கும். அதற்குக் காந்தத் துடிப்பு என்று பெயர். நாங்கள் அந்தக் கைக்குட்டை.

இரவில் இது சாதாரணமாகப் பதிவாகும். பகலில் மிகவும் மெலிதாகத்தான் வரும். பல சமயம் தெரியவே தெரியாது. அதனால்தான் சாருக்குப் பகல் துடிப்பின்மேல் அப்படி ஒரு ஆசை.

இன்னொரு காரணமும் உண்டு. பொம்மசந்திராவில் தொழிற்சாலைகள் பெருகப் பெருக, நகரத்துத் தலைமை அலுவலகத்தில் அவரைக் கேலி செய்யத் தொடங்கியிருந்தார்கள். "வேதநாயகம் லேத் மெஷினோட காந்தத்த ஆராய்ச்சி பண்றாரு" என்பார்கள். பிப்ரவரியில் வடக்கே ஒரு மாநாடு. அங்கே இந்த ஐந்து மேடுகளையும் திரையில் போட்டுக் காட்டினால் அந்த வாய்கள் எல்லாம் மூடும் என்று அவர் நம்பினார்.

மரத் தட்டு

நிலையத்தைச் சுற்றி இரும்புக் கம்பி வேலி போட முடியாது. ஆளுயரக் கல்பலகைகளை நட்டு வைத்திருந்தார்கள். வாசலில் மரக் கேட். கேட்டருகே முனியப்பா, மடியில் ஒரு மரத் தட்டோடு.

உள்ளே போகிறவர்கள் சாவி, கத்தி, குடை, பெல்ட், கொண்டை ஊசி எல்லாவற்றையும் அந்தத் தட்டில் வைத்துவிட வேண்டும். நான் புடவைக்கு ஊக்குப் போடுவதில்லை; தோளில் நூலால் இரண்டு தையல். தில்லியிலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்தபடி நிலையம் முழுவதையும் பார்வையிட்டார். அந்த வருடம் எங்களுக்கு மிக நல்ல அறிக்கை கிடைத்தது. குறை எழுதுவதற்கு இரண்டு கையும் வேண்டுமே.

இதையும் மீறி வெளியிலிருந்து வரும் தொந்தரவுகளுக்கு ஒரு பதிவேடு உண்டு. அதை நான்தான் எழுதுவேன். நேரம், காரணம், எந்தத் திசை. '10.12, தண்ணீர் லாரி, மேற்கு.' '4.05, எருமை, கழுத்தில் சங்கிலியுடன், வடக்கு.' ஒவ்வொரு இரும்பும் கோட்டில் ஒவ்வொரு விதமாகக் கையெழுத்துப் போடும். ஒன்பது மணிக்கு வந்ததாக வருகைப் பதிவில் எழுதும் தலைமை எழுத்தரின் மோட்டார் பைக், என் கோட்டில் தினமும் ஒன்பது ஐம்பதுக்கு வரும். நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரும் என் விடுப்பு விண்ணப்பத்தை ஒருநாளும் மறுத்ததில்லை.

கல்வேலிக்குள் வண்டி கொண்டுவந்தால் வேலை போய்விடும். எனக்கு முன்னால் இருந்தவர் மழைக்கு ஒதுங்கச் சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்து அன்று மாலையே வீட்டுக்குப் போனார். நானோ ஏழு வருடமாகத் தற்காலிகம். என் பணியை நிரந்தரமாக்கும் கோப்பு, ஒரே ஒரு பரிந்துரைக்காக, சார் மேசையின் இடது மூலையில் இருந்தது.

இதையெல்லாம் தெரிந்துவைத்திருந்தவள்தான் வண்டியை உள்ளே கொண்டுபோனாள்.

பேனா தூங்கும் அரை மணி

நான் அத்திபெலேயிலிருந்து பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன். அக்கா வீட்டுக்காரர் புது வண்டி வாங்கியதும், கியர் இல்லாத பழைய சின்ன ஸ்கூட்டரை எனக்குத் தள்ளிவிட்டார். அதை எங்கே ஓட்டிப் பழகுவது? ஓசூர் ரோட்டில் லாரிகள். எங்கள் தெருவில் பார்வையாளர்கள். அந்த வட்டாரத்தில் லாரியும் பார்வையாளரும் இல்லாத சமதளம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சுற்றிக் கல்வேலி.

சனிக்கிழமைகளில் சார் பன்னிரண்டு மணிக்கே கன்டோன்மென்ட்டுக்குக் கிளம்பிவிடுவார். சர்ச்சில் பாட்டுப் பயிற்சி. பன்னிரண்டரையிலிருந்து ஒரு மணி வரை நான் காந்தமானியின் தாள் உருளையை மாற்றுவேன். அந்த அரை மணி நேரம் பேனா மேலே தூக்கியிருக்கும். பேனா தூக்கினால் கருவி தூங்குகிறது. ஏழு வருடமாக என் கையும் கண்ணும் அப்படித்தான் பழகியிருந்தன.

இரண்டு மாதம் முன்பு கம்ப்யூட்டரோடு இணைத்த புதுக் கருவி ஒன்று வந்திருந்ததும் எனக்குத் தெரியும். தினமும் காலையில் அதைத் துடைப்பதே நான்தான். அதற்குப் பேனா கிடையாது, தாள் மாற்றும் வேலை கிடையாது, ஆகவே தூக்கமும் கிடையாது என்பது மட்டும் அந்தச் சனிக்கிழமை என் புத்திக்கு எட்டவில்லை.

"பென்னு தூக்கிட்டீங்களா அக்கா?" என்றார் முனியப்பா, கன்னடம் கலந்த தன் தமிழில்.

"தூக்கியாச்சு அண்ணா."

"அப்போ வாங்க." அக்கா வீட்டுக்காரர் காலையில் கொண்டுவந்து வெளியே விட்டுப்போயிருந்த வண்டிக்கு மரக் கேட்டைத் திறந்துவிட்டார்.

மைதானத்தின் ஒரு பக்கமாகக் கருவிக் குடிசை. இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லாமல், மரமும் பித்தளையுமாகக் கட்டியது. முதல் சுற்றில் அதற்கு மிக அருகில் போய்விட்டேன்.

"குடிசைய பாக்காதீங்க அக்கா, ரோட்ட பாருங்க!"

"ரோடு எங்கண்ணா இருக்கு?"

"சும்னே பயப்படாதீங்க! ஸ்வல்ப அகலமா சுத்துங்க!"

பயத்தில் ஒவ்வொரு சுற்றிலும் குடிசையைவிட்டு இன்னும் கொஞ்சம் விலகினேன். அருகில் வந்தால் மேடு உயரும், விலகினால் குறையும். சூரியப் புயல் அடங்குவதுபோல நானும் அடங்கிக்கொண்டே போனேன். ஐந்து சுற்று முடிந்தது. ஆறாவதில் பாதி வந்ததும் நேராக உண்ணிச்செடிப் புதருக்குள் போனேன்.

முனியப்பா ஓடிவந்தார். "அக்கா, உயிரு இருக்கா?"

"இருக்கு."

"வண்டி?"

"என் மேல இருக்கு."

ஒரு மணிக்கு நான் தாளை மாற்றி, பேனாவை இறக்கி, பதிவேட்டைத் திறந்தேன். 'தொந்தரவு எதுவும் இல்லை' என்று எழுதவில்லை, பொய் எழுத வரவில்லை. வெறும் இடமாக விட்டேன். ஏழு வருடத்தில் அதுதான் முதல் வெறும் இடம்.

கேசரிபாத்

செய்தி பரவியது. சார் தலைமை எழுத்தரைக் கூப்பிட்டுக் காட்டினார். மின்சார வாரியத்துக்காரர் மீட்டர் பார்க்க வந்தார், அவருக்கும் காட்டினார். அலுவலகம் முழுவதற்கும் கேசரிபாத் வரவழைத்தார். எனக்கு இரண்டு கரண்டி. "கருவியத் துடைச்சு வச்சது நீங்கதானே!" என்றார். அது தொண்டையில் இறங்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டேன், முந்திரி நிறைய இருந்தது.

மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதி, தட்டச்சு செய்ய என்னிடமே கொடுத்தார். என் ஐந்து சுற்றுகளை 'பூமியின் இரவுப் பக்கத்தில் கிளம்பிய துணைப்புயலின் பகல் எதிரொலி' என்று நானே அடித்தேன். ஒரு பிழை இல்லாமல்.

சார் அவசரக்காரர் அல்ல. தெற்கே, காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், இன்னொரு நிலையம் இருந்தது. "உண்மையான புயலா இருந்தா அங்க நம்மளவிடப் பெருசா விழுந்திருக்கணும்" என்று சொல்லி, அந்தச் சனிக்கிழமைத் தாளின் நகலைத் தபாலில் கேட்டிருந்தார்.

அந்தத் தபால் வந்தால் என் கதை முடிந்தது. வராவிட்டால் சார் கதை முடிந்தது. அத்தனை பேர் முன்னால் ஸ்கூட்டரைச் சூரியன் என்று சொல்லிவிட்டு வருவார். தினமும் காலையில் கேட்டுக்குள் நுழையும்போது முனியப்பா தட்டை நீட்டுவார்.

"ஏனக்கா, உங்க சூரியப் புயல் எப்படி இருக்கு?"

"வாய மூடுங்கண்ணா."

"வண்டி ஓட்ட வந்துடுச்சா?"

வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்திபெலே சந்தை மைதானத்தில் பழகி, ஒரு கையை விட்டுத் தலைமுடியை ஒதுக்கும் அளவுக்குத் தேறியிருந்தேன். அதற்கும் சேர்த்துத்தான் பின்னால் அனுபவித்தேன்.

உறை

மூன்றாவது வாரம் உறை வந்தது. அதைச் சார் மேசையில் கொண்டுபோய் வைத்ததே நான்தான். அவர் பிரிக்கக் கையை வைத்தார்.

"சார், பிரிக்காதீங்க."

"ஏன்?"

"அது புயல் இல்ல சார்."

"வேற என்ன?"

"நான்."

"நீங்கன்னா?"

"உள்ள ஸ்கூட்டர் ஓட்டக் கத்துக்கிட்டேன் சார். குடிசையச் சுத்தி. பேனாவத் தூக்கியாச்சேன்னு நெனச்சு, புது மெஷின மறந்துட்டேன்."

உறையிலிருந்து கையை எடுத்தார். பிறகு சிரித்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"கோமதிம்மா, நீங்க ரொம்ப நல்லவங்க. கவர்ல ஏதாவது ஏடாகூடமா வந்துட்டா எனக்கு மனசு ஒடஞ்சுடும்னு, முன்கூட்டியே பழிய உங்க தலைல போட்டுக்கறீங்க."

"இல்ல சார், முழங்கையப் பாருங்க."

"முழங்கை எல்லாம் ஆதாரம் ஆகாதும்மா. எவ்ளோ அழகா அடங்குது பாருங்க அந்த அலை. ஸ்கூட்டர் கத்துக்கறவங்களால இப்படி ஓட்ட முடியுமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேலை போகட்டும் என்று துணிந்து வந்தவளை நம்பக்கூட மாட்டேன் என்கிறாரே. "முடியும் சார். ஓட்டிக் காட்டறேன்" என்றேன்.

மோசமாக ஓட்டும் சோதனை

மறுநாள் பன்னிரண்டு நாற்பதுக்கு, நிலையத்தின் வரலாற்றில் முதன்முறையாக, ஒரு வண்டி அனுமதியோடு கல்வேலிக்குள் வந்தது. பதிவேட்டில் 'ஸ்கூட்டர், ஆராய்ச்சிக்காக' என்று நானே எழுதினேன். சார் கம்ப்யூட்டர் அறையில் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார். ஜன்னல் திறந்திருந்தது.

ஐந்து சுற்று ஓட்டினேன். சீராக, அழகாக, ஒரே வட்டத்தில்.

ஜன்னலிலிருந்து சார் குரல் துள்ளியது. "பாத்தீங்களா! அஞ்சு மேடும் ஒரே உயரம். ஒவ்வொண்ணும் நாப்பதே செகண்ட். இது அது இல்ல, அது இது இல்ல. நான்தான் சொன்னேனே!"

சந்தை மைதானத்தில் தேறியது வினையாகிவிட்டது. இப்போது நான் மோசமாக ஓட்டியாக வேண்டும். வேண்டுமென்றே மோசமாக ஓட்டுவது எவ்வளவு கடினம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கை தானாகவே நேராகப் பிடிக்கிறது.

முனியப்பாதான் காப்பாற்றினார். "அன்னைக்கு நான் கத்தினதெல்லாம் ஞாபகம் இருக்கு அக்கா. வரிசையா கத்தறேன். நீங்க அன்னைக்கு மாதிரியே பயப்படுங்க."

"சார் பாக்கறாரு அண்ணா."

"அதுக்குத் தனியா பயப்படுங்க."

குடிசையைப் பாக்காதீங்க என்று கத்தினார், பார்த்தேன். அகலமா சுத்துங்க என்றார், விலகினேன். பிரேக், பிரேக் என்றார். காலைத் தரையில் தேய்த்தேன். நான்காவது சுற்றில் கண்ணை மூடினேன். ஐந்தோடு நிறுத்திவிட்டேன், விழுந்து காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இந்த முறை ஜன்னலிலிருந்து சத்தமே வரவில்லை.

உள்ளே போனேன். சார் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்திருந்தார். மேட்டின் மேல் மேடு அப்படியே உட்கார்ந்தது. அதன்பிறகுதான் உறையைப் பிரித்தார். தெற்கு நிலையத்தின் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல, நேராகப் போய்க்கொண்டிருந்தது.

தாள்களை மடித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"மிஸ் கோமதி" என்றார். "நீங்க போகலாம்."

மெமோ

அடுத்த நாள் என் மேசையில் ஒரு மெமோ இருந்தது. தடை செய்யப்பட்ட பகுதிக்குள் இரும்பு வாகனத்தைக் கொண்டுவந்து, மூன்று சாட்சிகள் முன்னிலையில் ஐந்து சுற்று ஓட்டியதற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும். சார் மேசையின் இடது மூலையில் இருந்த என் கோப்பைக் காணவில்லை. அதை மெமோவோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள் என்று தலைமை எழுத்தர் மெதுவாகச் சொன்னார். எனக்கு அன்று பகல் சாப்பாடு இறங்கவில்லை. முந்திரியும் இல்லை.

மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டேன். கடைசியில் எனக்குத் தெரிந்த மாதிரியே எழுதிக் கொடுத்தேன்:

'மெமோவில் உள்ள விவரங்களில் இரு திருத்தங்கள். ஒன்று, சம்பவத்தின்போது சாட்சி ஒருவரே. இரண்டு, ஓட்டியது ஐந்து சுற்று அல்ல, ஐந்தரை. கடைசி அரைச் சுற்றின் முடிவில் புதரில் விழுந்துவிட்டதால் அது தாளில் பதிவாகவில்லை. மற்றபடி குற்றச்சாட்டு சரியே.'

சார் அதை வாங்கிக்கொண்டு மாநாட்டுக்குப் போய்விட்டார். நான் அந்த நாட்களில் அத்திபெலே பக்கத் தொழிற்சாலைகளில் எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று விசாரித்து வைத்தேன். பட்டியல் என் நாட்குறிப்பில் இருக்கிறது.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். நேராக என் மேசைக்கு வந்து நின்றார்.

"தலைப்ப மாத்திட்டேன். 'அலை போலத் தெரிபவை.' உங்க தாளையும் நிஜமான ராத்திரித் துடிப்பு ஒண்ணையும் பக்கத்துல பக்கத்துல போட்டேன். எது நிஜம்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க சார்?"

"பாதிப் பேரு உங்களுக்குத்தான் கை தூக்கினாங்க. நம்ம ஹெட் ஆபீஸ்காரங்க மொத்தமா."

அவர் முகத்தில் அப்படி ஒரு குறும்பை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கோப்பை என்முன் வைத்துவிட்டு அறைக்குள் போனார்.

என் விளக்கத்தின் கீழே பச்சை மையில் அவர் கையெழுத்து: 'விளக்கம் ஏற்கப்பட்டது. பணி நிரந்தரத்துக்குப் பரிந்துரைக்கிறேன்.' அதற்கும் கீழே, சின்ன எழுத்தில் இன்னொரு வரி: 'அரைச் சுற்று பதிவாகியிருக்கிறது. 12.48 முதல் 12.50 வரை பார்க்கவும். நாம் இருவருமே பார்க்கவில்லை.'

தாளை எடுத்துவந்து உருப்பெருக்கியை வைத்தேன். ஐந்தாவது மேடு இறங்கி முடிந்ததும் கோடு பழைய மட்டத்துக்குத் திரும்பவில்லை. மயிரிழை உயரத்தில், ஆடாமல் அசையாமல், இரண்டு நிமிடம் நேராகப் போய், பிறகுதான் கீழே இறங்கியது. எந்தச் சூரியப் புயலும் அப்படிச் செய்யாது.

அது புதரில் சாய்ந்து கிடந்த ஸ்கூட்டர். நான் அதற்கு அடியில் இருந்தேன்.